பனிச் சங்கைக் கேட்டவர்கள்: அனுபவப் பகிர்வு

கீழக்கரை, ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி:
எண்பதுகளில் ஒரு கோடைக்காலையில், இங்கிலாந்தின் தென்கோடியான லிசார்ட் முனையை இடப்பக்கம் விட்டு இங்கிலீஷ் கால்வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தோம். கப்பலின் முன்முனையே தெரியாத பனி. அங்கே 1998 வரை ஊதிய அழுத்தக் காற்றுச் சைரனை, அதாவது பனியில் கப்பல்களை எச்சரிக்கக் கரையிலிருந்து ஊதும் பனிச் சங்கை, அறிந்தவர்களுக்கு அதன் குரலை நான் விவரிக்க வேண்டியதில்லை. என் மனத்தை இன்றும் அரிப்பது வேறு. ஊதல் கேட்டவுடன், காவலுக்கு நின்ற தொண்டிக்காரப் பையன் நேர் முன்னே கைநீட்டினான். அதே கணத்தில் நான் இடப்பக்கம் கைநீட்டியிருந்தேன். ஒரே ஒலிக்கு இருவர் கைகளும் இரு திசைகளில் நின்றன. அதன்பின் பல சுற்றுகள் ஒன்றுமே கேட்கவில்லை. ராடாரில் முனை நெருங்கிக்கொண்டே இருந்தது. சங்கு மட்டும் வாயடைத்துப் போயிருந்தது. பிறகு திடீரென இடப்பக்கத்திலிருந்து முழுவீச்சில் வந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதை யாராவது விளக்க முடியுமா?

மண்டபம், ஐஸ் ஆலை மெக்கானிக்:
காக்கா (அண்ணா), சங்கு வாயடைத்தது என்று நீங்கள் எண்ணியது இரு ஊதல்களுக்கு நடுவே வரும் வழக்கமான இடைவெளியாகத்தான் இருக்கும். மகன் வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துக்குப் போயிருந்தபோது, ஷெட்லாந்தின் சம்பரோ முனையில் பழுதுபார்த்து வைத்திருக்கும் பழைய பனிச் சங்கை ஊதிக் காட்டினார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் டீசலுக்கு மாற்றும் கெல்வின் இன்ஜின்கள் கம்ப்ரசரை ஓட்டுகின்றன. காற்று தொட்டிகளில் சேர்கிறது. எல்லோரும் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அழுத்தமானியைப் பார்த்தேன். வால்வு திறந்ததும் முள் சரசரவென்று இறங்கியது. ஊதல் நின்றபின் மெதுவாக, மிக மெதுவாக ஏறியது. ஒரு ஊதலுக்கு வேண்டிய காற்றைக் கம்ப்ரசர் அந்த நொடியிலேயே தந்துவிட முடியாது என்பதால்தான் ஊதல் குறுகியதாகவும் மௌனம் நீண்டதாகவும் அமைந்தன. இந்த மௌனத்தின் நீளமே எந்த நிலையம் என்பதற்கு அடையாளமும் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றையும் சைரன் என்றே அழைக்கிறோம். 1850களில் அமெரிக்காவின் டபோல் செய்தது நாதஸ்வரச் சீவாளியைப் போல ஒரு நாக்கு அதிர்ந்து ஊதும் எக்காளம். தொடக்கச் சோதனைகளில் அதற்கான காற்றைக் குதிரையைக் கொண்டே அழுத்தினார்கள். 1868இல் நியூயார்க் அருகே சாண்டி ஹூக்கில் வந்த சைரனில், துளையிட்ட தட்டு சுழன்று காற்றோட்டத்தை நொடிக்குப் பலமுறை வெட்டியது. அதை நீராவியில் ஓட்டினார்கள், பின்னர்தான் அழுத்தக் காற்றுக்கு மாறினார்கள். 1903இல் கனடாவின் நார்த்தி உருவாக்கிய டயாபோனில் சுழற்சியே கிடையாது. பிளவுகள் வெட்டிய பிஸ்டன் உருளைக்குள் முன்னும் பின்னும் பாய்கிறது. காற்று அடங்கும்போது பிஸ்டன் வேகம் குறைவதால் ஊதலின் கடைசியில் ஓர் உறுமல் விழும். அந்த உறுமலைக் கேட்டால் டயாபோன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இராமநாதபுரம், இயற்பியல் ஆசிரியர்:
மண்டபத்து நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இடைவெளியை எண்ணத் தெரியாமல் ஒரு கப்பல் அதிகாரி காவல் நிற்கமாட்டார். 1873இல் இயற்பியலாளர் ஜான் டிண்டால் இங்கிலாந்துக் கரையிலுள்ள சவுத் ஃபோர்லாந்தில் கொம்புகளையும் சைரனையும் பீரங்கியையும் சோதித்தபோது, தெளிந்த கோடை நாளில் இரண்டு மூன்று மைலுக்கு அப்பால் எதுவும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் லண்டனின் அடர்பனியில் அவர் சோதித்தபோதோ ஒலி நன்றாகக் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒலி மேகங்கள் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன என்றார் அவர். காற்றின் வேகமும் வெப்பமும் உயரத்துக்கு உயரம் மாறுவதால் ஒலி வளைகிறது என்ற ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸின் விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. எதிர்க்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து கப்பலைத் தாண்டிப் போய்விடும். அதிகாரி அந்த ஒலி நிழலுக்குள் சென்று வெளியே வந்திருக்கிறார். பாம்பனில் தங்கியிருந்த நாள்களில் அடுத்த தெரு மணியோசைகூடச் சோழகக் காற்றில் (தென்காற்றில்) எனக்கு எட்டாமல் போனதுண்டு.

பாம்பன், நாட்டுப்படகு மீனவர்:
ஆசிரியர் ஐயா, காற்று வீசும்போது நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் பாம்பனுக்கு வடக்கேயுள்ள எங்கள் வடகடலில் மாசி மாதப் பனி இறங்குவது காற்றே இல்லாத விடியலில். அப்போது ஒலி அவ்வளவாகத் தேய்வதில்லை, தொலைவில் இருப்பதும் காதருகே கேட்கும். அப்படி ஒரு விடியலில் ஒரு விசைப்படகின் இரைச்சல் நாலாபுறமும் கேட்டது. வெகுதூரத்தில் போகிறது என்று என் மச்சான் சொல்லி வாய் மூடுவதற்குள், பச்சை வண்ணம் உரிந்த அணியம் (படகின் முன்பகுதி) எங்கள் வல்லத்துக்கு இரண்டு பாக (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் அகலம்) தூரத்தில் பனியைக் கிழித்து வந்தது. அலுமினியச் சட்டியைத் துடுப்பால் அடித்தேன். சுக்கான் பிடித்தவர் திரும்பினார், படகும் திரும்பியது. அவர் முகத்தை இன்று பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

நம் கரையில் இப்படிப்பட்ட சங்கு ஊதி நான் கேட்டதில்லை. ஆகவே படகுக்காரர்களே ஒலி எழுப்ப வேண்டும். சர்வதேசக் கடல் விதிப்படி, பனியில் மீன்பிடித்துக் கொண்டிருக்கும் படகு இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் ஒரு நெடிய ஊதலும் இரு குறுகிய ஊதல்களும் தர வேண்டும். நெடியது என்றால் 4 முதல் 6 நொடி. 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இந்த முறை கட்டாயமில்லை, ஆனாலும் வேறு ஏதேனும் உரத்த ஒலியை அதே இடைவெளியில் தந்தாக வேண்டும். ஊதி முடித்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். எந்தத் திசை என்று ஒரே ஊதலில் முடிவு செய்து சுக்கானைத் திருப்பாதீர்கள். இரண்டு மூன்று முறை கேளுங்கள், அணியத்தில் ஒருவரும் கடையாலில் (பின்முனையில்) ஒருவருமாக நின்று கேளுங்கள். இருவர் கையும் ஒரே பக்கம் நீளாதவரை படகை நகர்த்த வேண்டாம்.