ஸ்டென்சிலுக்கு ஒரு சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். வீட்டுச் சுவரில் பெரிய மண்டலா (இதழ் இதழாக விரியும் வட்டக் கோலம்) வரைவதற்கான பெட்டி ஒன்றின் செய்முறைத் தாளைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். இரண்டு வரிக்கு ஒருமுறை 'ஸ்டென்சில்' வருகிறது: வடிவத்தை வெட்டியெடுத்த தாள், அதைச் சுவரில் ஒட்டி மேலே பெயிண்ட் குத்தினால் வெட்டிய இடம் மட்டும் பதியும். 'வார்ப்புரு' என்று போட்டால் டெம்ப்ளேட்டோடு முட்டுகிறது.

எழுதுமுன் எங்கள் கூடத்துச் சுவரிலேயே ஒன்று போட்டுப் பார்த்தேன். ஐந்தடி வட்டத்துக்கு அவர்கள் தருவது கால் வட்டத் தாள்தான். நடுவில் ஆணி அடித்து, தூக்குக்குண்டு விட்டுக் கோடு பிடித்து, நான்கு முறை திருப்பி ஒட்ட வேண்டும். பிரஷில் பெயிண்டே இல்லையோ என்று தோன்றும் அளவுக்குத் துணியில் ஒற்றிவிட்டுக் குத்தினால் ஓரம் சுத்தமாக வருகிறது. மூன்றாவது கால் வட்டத்தில் அவசரப்பட்டேன். பெயிண்ட் தாளுக்கு அடியில் புகுந்து, இதழுக்கெல்லாம் தாடி முளைத்துவிட்டது. இப்படிப் புகுவதற்கும் ஒரு சொல் வேண்டும்.
– மொழிபெயர்ப்பவள், கோவை

அம்மா, 'பொள்ளச்சு' என்க. பொள்ளுதல் துளைத்தல். திருநாரையூர்ப் பொல்லாப் பிள்ளையாரும் உளி பொள்ளாத பிள்ளையார்தான் என்று சொல்வதுண்டு. 'மண்டலா' என்ற நெடிலும் நமக்கு எதற்கு? புறநானூறு 30ஆம் பாட்டில் 'பரிப்புச் சூழ்ந்த மண்டிலம்' இருக்கிறது; மண்டிலம் என்றால் வட்டம். இன்னொன்றும் கவனியுங்கள்: அடிமறிமண்டில ஆசிரியப்பா என்னும் பாவகையில் எந்த அடியை எங்கே மாற்றி வைத்தாலும் பொருள் கெடாது. உங்கள் கால் வட்டத் தாளும் அப்படித்தானே? அதை 'மறிமண்டிலத் தாள்' என்றே சொல்லலாம்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியன், தஞ்சாவூர்

ஐயா, கோயம்புத்தூரில் 'பொள்ளச்சு' என்றால் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். இல்லாவிட்டால், சூடுபட்டுப் பொள்ளிப்போனது என்று நினைப்பார்கள். என் அப்பா பெயிண்டர். லாரிக்கு நம்பர் போட பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி வைத்திருப்பார். பூஜ்யத்தை அப்படியே வெட்டினால் நடுவில் இருக்கும் வில்லை கழன்று விழுந்துவிடும். அதனால் மேலும் கீழும் ஒரு சின்னப் பட்டையை வெட்டாமல் விடுவார். அதை அவர் 'பாலம்' என்பார், முழுத் தகட்டை 'அச்சு' என்பார். வாசலில் பொடி கொட்டித் தேய்க்கிற, ஓட்டை போட்ட தட்டும் கோல அச்சுதானே? அதையே வைத்துக்கொள்ளலாம்.
– ஈரோடு

வெறும் 'அச்சு' என்றால் அழுத்திப் பதிப்பது. அச்சில் மேடு பட்ட இடம் பதியும். இதிலோ வெட்டிவிட்ட இடம்தான் பதிகிறது. நேர் எதிர்.
– தஞ்சாவூர்

அப்படியானால் முறுக்கு அச்சு? இடியாப்ப அச்சு? மாவு ஓட்டை வழியாகத்தானே வருகிறது ஐயா!
– மதுரை

எங்கட ஊரில அது உரல். முறுக்கு உரல், இடியப்ப உரல். ஸ்டென்சிலையும் உரல் எண்டு சொல்லச் சொல்லேல்லை, தகவலுக்குச் சொன்னன்.
– யாழ்ப்பாணம்

(இதற்குப் பிறகு உரல், உலக்கை, குழவி பற்றிப் பதினான்கு மடல்கள். அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

'மண்டலம்' என்று போட்டால், பெயிண்ட் காய 48 நாள் ஆகுமா என்று கேட்பார்களே?
– சென்னை

எல்லோருக்கும் நன்றி. நாளை கொடுக்க வேண்டும், இனித் தாங்காது. முதல் இடத்தில் 'ஸ்டென்சில் என்னும் துளையச்சு', அதன் பிறகு 'அச்சுத்தாள்'. ஓவியத்துக்கு 'மண்டலக் கோலம்'. வெட்டாமல் விடும் பட்டைக்கு ஈரோட்டு அப்பாவின் 'பாலம்'. பெயிண்ட் அடியில் புகுவதற்கு யாருமே எதுவும் சொல்லவில்லை, 'கசிவு' என்று போட்டுவிட்டேன்.
– கோவை

அம்மா, அனுப்பிவிட்டீர்களா? கசிவு மேலிருந்து கீழே சொட்டுவது. பக்கவாட்டில் பரவினால் அது 'ஊறல்'. துளையச்சுக்கு நான் உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பொள்ளல் பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.
– தஞ்சாவூர்