மோட் மாற்றும்போது மட்டும் கர்னல் விழுகிறது: டிஸ்ப்ளே டிரைவரில் எக்ஸ்டர்னல் அபார்ட்

கேள்வி:

வணக்கம். ஒரு ஏஆர்எம் 64 போர்டின் டிஸ்ப்ளே டிரைவரைப் பழைய லினக்ஸ் கர்னலிலிருந்து 6.6-க்குக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். பூட் ஆகும்போது 1920×1080-ல் படம் அழகாக வருகிறது. மோட்டெஸ்ட் (திரை மோடை மாற்றிச் சோதிக்கும் கருவி) வைத்து 1280×720-க்கு மாற்றினால் கர்னல் விழுகிறது. எப்போதும் அல்ல, பத்துக்கு மூன்று தடவை. சீரியல் கன்சோலில் கிடைத்தது இவ்வளவுதான்:

இன்டர்னல் எரர்: சிங்க்ரனஸ் எக்ஸ்டர்னல் அபார்ட்: 96000010

கால் ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) மேலே எங்கள் பிளேன் அப்டேட் (பிளேன் என்பது திரையில் வரும் பட அடுக்கு), அதற்குக் கீழே கமிட் பிளேன்ஸ், அப்புறம் கமிட் டெய்ல் (மாற்றத்தை ஹார்ட்வேரில் நிறைவேற்றும் ஃபங்ஷன்). எந்த வரி என்று தேடினால் கன்ட்ரோல் ரிஜிஸ்டரை ரீட்எல் செய்யும் (படிக்கும்) இடத்தைக் காட்டுகிறது. ரிஜிஸ்டர்களுக்கு ஐஓரீமேப் தந்த கர்னல் முகவரியை அச்சிட்டுப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது.

இன்னொரு கூத்து. எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வழியில் நாலைந்து பிரின்ட்கே (கன்சோலில் அச்சிடும் வரி) போட்டேன். இப்போது பத்துக்குப் பத்தும் விழுகிறது! மூன்று நாளாக இதோடுதான் குடித்தனம். யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1:

ஏதோ பாயிண்டர் நல் ஆகியிருக்கும். ஒரு செக் போடுங்கள். காஸன் (நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கர்னல் கருவி) வைத்துக் கர்னலைக் கட்டினால் தானாகத் தெரிந்துவிடும்.

பதில் 2:

தம்பி, இங்கே நல் செக் உதவாது. அந்த 96000010-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கம்தான் விஷயம். நல் பாயிண்டரோ வேறு தவறான முகவரியோ என்றால் அங்கே 04-லிருந்து 07 வரை ஏதாவது ஒன்று வரும், அது டிரான்ஸ்லேஷன் ஃபால்ட். உங்களுக்கு வந்திருப்பது 10. பக்க அட்டவணை ஒத்துக்கொண்டது, கேள்வி பஸ் வரைக்கும் போனது, அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இல்லை. காலிங் பெல்லை அழுத்துகிறீர்கள், வீட்டில் கரன்ட் இல்லை. காஸனும் இதைப் பிடிக்காது. அது காவல் காப்பது ரேமை. ஐஓ ரிஜிஸ்டர் அதன் கணக்கில் வராது.

ஒரு விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். ரீட்எல்-லில் மாட்டியதால் குற்றவாளி வரியிலேயே நின்றது. ரைட்எல் (எழுதுவது) ஆக இருந்திருந்தால் சிபியு பதிலுக்குக் காத்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷனில் எஸ்எரர் (தாமதமாக வரும் பிழை) என்று வந்து நிற்கும். நான் ஒருமுறை அப்படி ஒரு வாரம் ஃபைல் சிஸ்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று விஷயம் சொல்லுங்கள்:

சிஸ்எஃப்எஸ்ஸில் (டிவைஸ் அமைப்புகளைக் காட்டும் /sys) அந்த டிவைஸின் பவர் கன்ட்ரோலை ஆட்டோவிலிருந்து ஆன் ஆக்கினால் விழுகிறதா?

சிஆர்டிசி (பிளேன்களைச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் பகுதி) டிஸேபிளில் ரன்டைம் பவரை (பயன்படாதபோது டிவைஸை அணைக்கும் ஏற்பாடு) விடுவது சாதாரண புட்டா, உடனே அணைக்கும் சிங்க் புட்டா?

டிரைவரை மாட்யூலாகக் கட்டி, பூட் முடிந்த பிறகு ஏற்றினால் என்ன ஆகிறது?

கேட்டவர்:

அண்ணா, பவர் கன்ட்ரோலை ஆன் ஆக்கிவிட்டு 50 தடவை மோட் மாற்றினேன். ஒரு தடவைகூட விழவில்லை. டிஸேபிளில் இருப்பது சாதாரண புட். மாட்யூலாக ஏற்றினால் முதல் படமே வராமல் அங்கேயே விழுகிறது, இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பதில் 2:

அப்போது சந்தேகமே இல்லை. டிஸ்ப்ளே பகுதியை இயக்கும் க்ளாக் அணைந்த பிறகு ரிஜிஸ்டரைத் தொடுகிறீர்கள்.

கர்னல் தரும் சாதாரண கமிட் டெய்ல் என்ன வரிசையில் போகிறது பாருங்கள். முதலில் பழைய மோடை அணைக்கும், அடுத்து பிளேன்களை எழுதும், கடைசியில்தான் புது மோடை ஏற்றும். உங்கள் சிஆர்டிசி டிஸேபிள் பவரை விட்டுவிடுகிறது. நடுவில் வரும் பிளேன் அப்டேட்டுக்குக் க்ளாக் இல்லை.

பத்துக்கு மூன்று ஏன் என்றால், சாதாரண புட் உடனே அணைப்பதில்லை. அணைக்கும் வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். பிளேன் அப்டேட் முந்தினால் பிழைத்தீர்கள், அந்த வேலை முந்தினால் விழுந்தீர்கள். உங்கள் பிரின்ட்கே கூத்தும் இதேதான். சீரியல் 115200-ல் ஓடினால் நொடிக்கு 11,520 எழுத்துதான் போகும். 80 எழுத்து உள்ள ஒரு வரிக்கே ஏறக்குறைய 7 மில்லி நொடி. நாலைந்து வரி அச்சிடுவதற்குள் க்ளாக் நிதானமாக அணைந்து தூங்கிவிடுகிறது.

பூட்டில் மட்டும் வேலை செய்தது பூட்லோடர் புண்ணியம். அது ஏற்றிவைத்த க்ளாக்கை, யாரும் கேட்காவிட்டால் கர்னல் பூட்டின் கடைசிக் கட்டத்தில்தான் அணைக்கும். கர்னலோடு சேர்த்துக் கட்டிய டிரைவர் அதற்கு முன்பே படத்தைப் போட்டுவிடுகிறது. மாட்யூல் வருவதற்குள் கடை மூடியாயிற்று.

மருந்து சின்னதுதான். மோட் கான்ஃபிக் ஹெல்ப்பரில் கமிட் டெய்லுக்குப் பதிலாக அதன் ஆர்பிஎம் (ரன்டைம் பவருக்கான) வடிவத்தைக் கொடுங்கள். அது அணைத்து, ஏற்றி, அப்புறம்தான் பிளேன்களை எழுதும். பிளேன் அப்டேட்டுக்குள் நீங்களே பவரை எடுத்து விடும் ஒட்டு வேலையை மட்டும் செய்யாதீர்கள். அபார்ட் நிற்கும், ஆனால் பவர் டொமைன் அணைந்து திரும்பினால் எழுதியதெல்லாம் போய்விடும், படம் கறுப்பாக இருக்கும்.

பதில் 3:

இடையில் ஒன்று. இன்டரப்ட் லைன் ஐஓஎம்எம்யு-வோடு (டிவைஸ்கள் ரேமை அணுகும் முகவரியை மாற்றித் தரும் பகுதி) பங்கு போட்டதா? அப்படியானால் டிஸ்ப்ளே தூங்கும்போது ஐஓஎம்எம்யு-வின் இன்டரப்ட்டுக்கும் உங்கள் ஹேண்ட்லர் எழும், ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்து இதே அபார்ட்டில் விழும். ராக்சிப் விஓபி (டிஸ்ப்ளே கன்ட்ரோலர்) டிரைவரைப் பாருங்கள். ஹேண்ட்லரின் தொடக்கத்திலேயே டிவைஸ் பயன்பாட்டில் இருக்கிறதா என்று ரன்டைம் பவரிடம் கேட்டு, இல்லையென்றால் ‘எனக்கில்லை’ என்று திரும்பிவிடும்.

கேட்டவர்:

லைன் தனிதான், தப்பித்தேன். ஆர்பிஎம் வடிவத்துக்கு மாற்றியதும் அபார்ட் போயே போய்விட்டது, மாட்யூலும் ஏறுகிறது. ஆனால் புதுத் தலைவலி. 1080 மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கி, 720 டிவியில் செருகினால் ஐஓஎம்எம்யு பேஜ் ஃபால்ட் மழையாகக் கொட்டுகிறது. ஓரிரு ஃப்ரேமில் நின்றுவிடுகிறது, படமும் வருகிறது. ஃபால்ட் முகவரி பழைய 1080 பஃபர் இருந்த 82,94,400 பைட்டுக்குள் விழுகிறது. மோட்டெஸ்டில் நேராக மாற்றினால் இது வருவதில்லை.

பதில் 2:

முகவரியைப் பஃபரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களே, பாதி வேலை முடிந்தது. இந்தத் தடவை தப்பு செய்வது சிபியு அல்ல, டிஸ்ப்ளே கன்ட்ரோலர்.

ஆர்பிஎம் வடிவம் அணைந்திருக்கும் சிஆர்டிசியின் பிளேன்களைத் தொடாது. கேபிளைப் பிடுங்கியதும் டெஸ்க்டாப் சிஆர்டிசியை அணைத்து, பஃபரையும் விட்டுவிடுகிறது. ஆனால் பிளேனின் ரிஜிஸ்டரில் ‘இயங்கு’ பிட்டும் பழைய முகவரியும் அப்படியே இருக்கின்றன. உங்கள் சிப்பில் க்ளாக் மட்டும்தான் அணைகிறது போலிருக்கிறது. டிவியைச் செருகியதும் சிஆர்டிசி முதலில் எழும், எழுந்த கையோடு காலி செய்த வீட்டுக்கே பால் போடப் போகும். புது முகவரி எழுதியதும் அடங்கிவிடும். நேராக மாற்றும்போது அந்த கமிட் முடியும் வரை பழைய பஃபர் உயிரோடு இருப்பதால் தெரியவில்லை.

சிஆர்டிசி டிஸேபிளில், க்ளாக்கை விடுவதற்கு முன்னால், அந்த சிஆர்டிசியின் பிளேன்களையெல்லாம் அணைக்கும் ஹெல்ப்பரைக் கூப்பிடுங்கள். அதன் கடைசி ஆர்க்யூமென்ட் ட்ரூ என்றால் பிகின், ஃப்ளஷ் (எழுதும் முன்னும் பின்னும் ஓடும் ஃபங்ஷன்கள்) இரண்டையும் சேர்த்தே கூப்பிடும். உங்கள் ‘கான்ஃபிக் முடிந்தது’ பிட் ஃப்ளஷ்ஷில் இருந்தால் அதுதான் வேண்டும். ரிஜிஸ்டர்கள் டபுள் பஃபர் என்றால் எழுதியது அடுத்த விபிளாங்க்கில்தான் (ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளி) அமலுக்கு வரும். அதுவரை காத்திருந்துவிட்டுக் க்ளாக்கை அணையுங்கள்.

கேட்டவர்:

ஃப்ளஷ்ஷில்தான் இருந்தது அண்ணா. முதலில் ஃபால்ஸ் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் முழித்தேன். ட்ரூ கொடுத்து, ஒரு விபிளாங்க் காத்திருக்கவும் வைத்தேன். கேபிளை 20 தடவை மாற்றி மாற்றிச் செருகினேன், ஒரு ஃபால்ட்கூட இல்லை. மோட்டெஸ்டை ஸ்கிரிப்டில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன், காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. பிரின்ட்கேக்களை எடுத்துவிட்டேன். பவர் கன்ட்ரோலும் பழையபடி ஆட்டோவில்தான் இருக்கிறது.