கை மரத்துப்போனதற்குக் காரணம் தெரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

செல்லூர் தையல் அக்கா:

நான் மதுரை செல்லூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், 26 வருடமாக. வயது 53. சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது, மாத்திரையில் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

முதலில் எனக்குத் தெரிந்தது கொக்கியில்தான். கொக்கியும் பித்தானும் ஒரே டப்பாவில் கிடக்கும், பார்க்காமலே கையை விட்டு எது வேண்டுமோ அதை எடுத்துவிடுவேன். அது போச்சு. விரல் நுனியில் கொக்கி இருக்கிறதா இல்லையா என்றே புரியாது, குனிந்து பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு நாள் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் இரத்தப் பொட்டு. ஊசி விரலில் ஏறியிருக்கிறது, குத்தியதே எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கால் அதற்கு முன்பே மதமதவென்றுதான் இருந்தது. சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பது போல. கோரிப்பாளையத்தில் பஸ் ஏறும்போது ஒரு கால் செருப்பு கழன்று கீழேயே கிடந்துவிட்டது, தல்லாகுளத்தில் இறங்கும்போதுதான் வெறும் காலைப் பார்த்தேன். சர்க்கரைக்காரிக்கு இதெல்லாம் வரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான் பார்த்த முதல் டாக்டரும் அதையேதான் சொன்னார், நரம்புக்கு மாத்திரை எழுதினார், பத்து நாள் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். இரண்டாவது இடத்தில் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்று ஸ்கேன், கழுத்துக்குப் பட்டை. மூன்றாவது இடத்தில், நீங்கள் தையல்காரர், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது, இதற்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார்கள். ஆபரேஷனுக்குப் பணம் புரட்ட நகையை எடுத்து வைத்தாகிவிட்டது.

என் மகள்தான் நிறுத்தினாள். பெரியாஸ்பத்திரி நரம்பியல் ஓ.பி.க்குக் கூட்டிப் போனாள், காலை ஏழரைக்குச் சீட்டு எடுத்து உட்கார்ந்தோம். அங்கே ஒரு இளம் டாக்டர் அம்மா. ஸ்கேன் கவரை அவர் பிரிக்கவே இல்லை. எந்தெந்த விரல் என்று கேட்டார். ஐந்து விரலும், இரண்டு கையும் என்றேன். மணிக்கட்டில் அழுந்தினால் கட்டைவிரல், அடுத்த இரண்டு, மோதிர விரலில் பாதி, இவ்வளவுதான் மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும் என்றார். இதை அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிறகு இரண்டு கிளை உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். நான் காத்துக்கொண்டே இருந்து, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். அது அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அதையே என் மகளின் முழங்கையில் வைத்ததும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோப்புப் போட்டு முகம் கழுவும்போது கண்ணை மூடினால் தள்ளாடுகிறதா? ஆமாம், ஆறு மாதமாகக் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் கழுவுகிறேன், வயசாகிறது என்று நினைத்தேன். கால் எங்கே நிற்கிறது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போகவில்லை, இவ்வளவு நாள் கண்தான் அந்த வேலையைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது, கண்ணை மூடியதும் விழப் பார்க்கிறீர்கள் என்று விளக்கினார். மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ஆறு வருடமாக வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல். நெஞ்செரிச்சலுக்கு எப்போதோ ஒருவர் எழுதியது, நானே வாங்கி வாங்கிப் போட்டது. நாங்கள் அசைவமும் சாப்பிடுவதில்லை.

இரத்தத்தில் பி12 பார்த்தோம், நரம்புக்கு வேண்டிய வைட்டமின் அது, 131. அந்த ரிப்போர்ட்டில் 200க்கு மேல் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. இரத்த சோகைகூட இல்லை, அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை போல. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும், சாப்பாட்டிலிருந்து அந்தச் சத்து பிரிய வயிற்று அமிலம் வேண்டும், அதை கேஸ் மாத்திரை குறைத்துவிடும். ஈரலில் சில வருடத்துக்குச் சேமிப்பு இருப்பதால் மெதுவாகத்தான் வெளியே தெரியுமாம். என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள், மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்குக் குறைபாட்டின் அறிகுறி இருந்தால் பி12 பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2022-லேயே டாக்டர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. சர்க்கரை என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் எல்லாரும் அங்கேயே நின்றுவிட்டார்கள், நானும்தான்.

ஒன்று, மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, நீங்களும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று, இரத்தம் கொடுப்பதற்கு முன்னால் பி12 ஊசியோ மாத்திரையோ போட்டுவிட்டால் எண் ஏறிக் காட்டும், முதலில் பரிசோதனை, பிறகு மருந்து. ஊசி ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. முதல் சில வாரம் சுருக் சுருக்கென்று அதிகமாகவே குத்தியது, பயந்து ஓடினேன், நரம்பு தேறும்போது சிலருக்கு அப்படி இருக்கும் என்றார் அந்த டாக்டர்.

மேலூர்க்காரன்:

அக்கா, என் அண்ணன் கதை வேறு. வலது முன்கையில் வெளுப்பாக ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு படை, தேமல் என்று நினைத்து மூன்று மாதம் களிம்பு தடவினார். அரிப்பு இல்லை. கரும்புக் காட்டில் வேலை, உடம்பெல்லாம் வியர்க்கும், அந்த இடம் மட்டும் காய்ந்து கிடக்கும். டீக்கடையில் கொதிக்கிற பாய்லரில் கை பட்டுக் கொப்புளமே வந்துவிட்டது, அவர் பேசிக்கொண்டே நிற்கிறார், கடைக்காரர்தான் கத்தினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார்கள், படைக்கு வெளியே தொட்டால் சொல்கிறார், உள்ளே தொட்டால் பேச்சே இல்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. தொழுநோய். அந்தப் பெயரைக் கேட்டதும் அண்ணி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆறு மாதம் மாத்திரை, ஒரு பைசா செலவில்லை, மருந்து ஆரம்பித்தபின் மற்றவர்களுக்குப் பரவாது என்று நர்ஸ் அம்மா வீட்டுக்கே வந்து எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார், எங்கள் உடம்பையும் சோதித்தார்கள். படை மங்கிவிட்டது. சுண்டுவிரல் மட்டும் லேசாக மடங்கியே நிற்கிறது, அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

திருமங்கலம் டிரைவர்:

எனக்கு இடது தொடையின் வெளிப்பக்கம் மட்டும், உள்ளங்கை அகலம். பேன்ட் உரசினாலே எரியும். இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்ததில் இடுப்பெலும்பு ஓரமாகப் போகும் நரம்பு அழுந்தியிருக்கிறது. பெல்ட்டைத் தளர்த்தி எடையைக் கொஞ்சம் குறைத்தேன், இரண்டு மாதத்தில் சரி. அக்கா, எங்கம்மாவுக்கு நேற்று காலையிலிருந்து ஒரு பக்கம் கையும் வாயோரமும் மரத்த மாதிரி இருக்கிறதாம். பி12 பார்க்கலாமா?

செல்லூர் தையல் அக்கா:

தம்பி, பி12 இப்போது வேண்டாம். திடீரென்று ஒரு பக்கமாக வந்தது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், என் கதை மாதிரி மெல்ல ஏறுவது இல்லை. குறைந்துவிட்டது என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள், நான் முழித்துத்தான் இருப்பேன்.