ஃபின்னிஷ் வினைச்சொல் 6 வகையா, 27 வகையா?

காட்பாடி நர்ஸ்:
ஃபின்லாந்து வேலைக்காக ஆன்லைனில் ஃபின்னிஷ் படிக்கிறேன். டியூட்டி முடிந்து பாகாயம் பஸ்ஸில் இடம் கிடைத்தால்தான் நோட்டையே திறக்க முடிகிறது. வகுப்பில் வினைகள் 6 வகை என்கிறார்கள், அகராதியில் பார்த்தால் 52-ஏ, 67 என்று என்னென்னவோ நம்பர். எதை மனப்பாடம் செய்வது? அப்புறம் நுக்குவா (தூங்க) 'நான்' வந்தால் நுகுன் ஆகி ஒரு க் காணாமல் போகிறதே, அது எந்த வகைக் கணக்கு?

ஆரணிக்காரன், இப்போ எஸ்போ:
நம்பரை விட்டுடும்மா. அது ஃபின்லாந்தின் மொழி நிறுவனம் சொற்பட்டியலுக்காகப் போட்ட எண், வினைகளுக்கு 52 முதல் 78 வரை, மொத்தம் 27. 6 வகை என்பது நம்மைப் போல வெளியிலிருந்து படிக்க வருகிறவர்களுக்கானது, வினையின் கடைசி எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இரண்டு உயிரில் முடிந்தால் முதல் வகை (பேச புஹுஆ, 'நான்' வந்தால் புஹுன்), டா-வில் முடிந்தால் இரண்டாவது (குடிக்க யுஓடா, யுஓன்), துல்லா (வர), துலென் மூன்றாவது, ஹலுத்தா (விரும்ப), ஹலுஅன் நான்காவது. தர்வித்தா (தேவைப்பட) ஐந்தாவது, அதில் 'நான்' வந்தால் நடுவில் ஒரு ட்ஸ் முளைக்கும், தர்விட்சென்.

க் காணாமல் போவது வகையோடு ஒட்டிய தனி விதி. அந்த 52-க்குப் பக்கத்தில் இருக்கும் ஏ அதைத்தான் சொல்கிறது: க்க் என்பது க் ஆகும். (நுகுன் என்பதை 'அகம்' மாதிரி மெலிதாகப் படிக்காதே, வல்லின ஓசைதான், குட்டையாக.) முதல் வகையில் நான், நீ, நாம், நீங்கள் நான்குக்கும் மெலியும், 'அவன்' வந்தால் நுக்கூ என்று திரும்ப வந்துவிடும். 3, 4, 6-ல் எல்லாம் தலைகீழ்: அகராதி வடிவம் மெலிந்திருக்கும், நான் சொல்லும்போது வலுக்கும். தவத்தா (சந்திக்க), தபான், வ் வலுத்து ப் ஆகிறது. இந்தத் தலைகீழைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

குடியாத்தம் தமிழாசிரியர்:
நம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியான லெக்சிகனிலும் இதே கதைதான். செய் 1, படி 11, நட 12 என்று எண் போட்டிருக்கும். அதைப் பார்த்தா நாம் 'நடந்தேன்' சொல்லப் பழகினோம்?

காட்பாடி நர்ஸ்:
நன்றி அண்ணா. ஆறாவதைச் சொல்லவே இல்லையே?

ஆரணிக்காரன், இப்போ எஸ்போ:
எத்தா-வில் முடிவது. பெரும்பாலும் 'ஆவது' பற்றிய வினைகள், முதுமை அடைய வன்ஹெத்தா, வன்ஹெனென். சூடாவதற்கும் இதே வகையில்தான் வினை இருக்கிறது, அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் இருப்பவர்களுக்கு அது ஒன்றே போதும். ஆனால் ருவெத்தா (தொடங்க) அதே முடிவு கொண்டும் நான்காம் வகை, ருபெஅன். அந்த மாதிரி சிலதைத் தனியாக எழுதி வைத்துக்கொள், வேறு வழி இல்லை.