டேக்கி அரிசிக்குத் திரும்ப வேண்டுமா?

வரப்புக்காரன்:
வங்காளத்திலும் அசாமிலும் நெல் குத்திய டேக்கியை மீட்க வேண்டும் என்பது என் கட்சி. கனமான மர உத்தரம், அதைத் தாங்கும் அச்சு, ஒரு முனையில் உலக்கை, அதன் கீழே தரையில் பதித்த குழி. வால்முனையை மிதித்தால் உலக்கை எழும். காலை எடுத்தால் தன் எடையாலேயே விழும். மின்சாரம் வேண்டாம், தவிடும் பெருமளவு அரிசியோடு தங்கும். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருந்த ஊர்களில், தவிட்டோடு தயமின் என்ற பி1 வைட்டமினும் போனதால் பெரிபெரி நோய் வந்த கதை தெரியாதா?

கணக்கன்:
தெரியும். நீங்கள் மறந்தது, வங்காளத்தில் பெரும்பாலோர் உண்பது புழுங்கல் அரிசி என்பதை. நெல்லை வேகவைக்கும்போதே தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போகாது. அது கிடக்கட்டும். மிதிப்பது யார்? மணிக்கணக்கில் பெண்கள். இன்னொருத்தி குழியருகே குந்தி, உலக்கை எழும் இடைவெளியில் கையை விட்டு நெல்லைப் புரட்ட வேண்டும். தாளம் தப்பினால் விரல் போயிற்று. ஆலை வந்ததும் இந்த வேலையைக் கைவிட்டதில் என்ன வியப்பு?

உமிச்சாம்பல்:
கைவிட்டவள் யார் என்று பிரித்துப் பாருங்கள், கணக்கன். சொந்த நெல் வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்கு ஓய்வு கிடைத்தது, சரி. பிறர் நெல்லைக் குத்திக்கொடுத்து, கூலியாக அரிசி வாங்கிய நிலமற்ற விதவைக்கு? வங்கதேசத்தில் ஹல்லர் எனும் உமி நீக்கும் இயந்திரம் கொண்ட சிறு ஆலைகள் பரவியபோது அவள் பிழைப்புதான் முதலில் போனது. ஆலையில் வேலை ஆண்களுக்கு.

வரப்புக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! இந்தியாவில் ஆலைகள் பெருகுவதைக் கட்டுப்படுத்த 1958இல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. அரசு மனம் வைத்தால் முடியும்.

கணக்கன்:
சட்டம் வந்தும் குத்தரிசி நிலைத்ததா? தவிட்டில் எண்ணெய் இருக்கிறது; வெள்ளை அரிசியைவிடச் சீக்கிரம் சிக்கடிக்கும். அன்றன்று குத்தி அன்றன்று சமைத்த வீட்டுக்கு அது பொருட்டில்லை. கடை அடுக்கில் வைக்க முடியுமா?

உமிச்சாம்பல்:
பிட்டா என்ற அரிசிமாவுப் பலகாரத்துக்கு மாவு இடிக்க டேக்கி இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. அதை யாரும் மீட்க வேண்டியதில்லை. வரப்புக்காரன், நீங்கள் விற்க நினைக்கும் அரிசிக்கு மிதிகூலி எவ்வளவு தருவீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

வரப்புக்காரன்:
ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் நாள்கூலி.

கணக்கன்:
அப்படியானால் அரிசியின் விலை ஏறும். வாங்குபவர் நகரத்து வசதிக்காரர். மிதித்தவள் தன் வீட்டுக்கு ஆலை அரிசிதான் வாங்குவாள்.