டவ் (புறா) வேட்டைக்கு 12 கேஜா 20 கேஜா? எந்த நம்பர் ஷாட் எடுக்கறது?

டல்லாஸ்_புதுசு:
செப்டம்பர் 1 டவ் சீசன் ஆரம்பிக்குது, நானும் மனைவியும் ஹண்டர் எஜுகேஷன் முடிச்சாச்சு, துப்பாக்கி தான் இன்னும் வாங்கல. கடைக்காரர் 12 தான்ங்கறார், ஆபீஸ்ல ஒருத்தர் புறாவுக்கு 20 போதும்ங்கறார். மனைவியும் சுடுவா, தோள்ல ரொம்ப உதைக்கக்கூடாது. ஷெல் (தோட்டா) டப்பாவுல 6, 7½, 8ன்னு போட்டிருக்கே, எதை எடுக்க? நவம்பர்ல சவுத் டகோட்டாவுக்கு ஃபெசன்ட் (கோழி இனப் பறவை) வேட்டைக்கும் கூப்பிடறாங்க, அதே துப்பாக்கி தாங்குமா?

காட்டுக்கோழி:
20 எடுங்க ப்ரோ. கேஜ்ங்கறது குழல் அளவு, 20ஐ விட 12 தான் பெருசு. 12ல சுட்டா குண்டு வேகமா போகும்னு நெனச்சுக்கறாங்க, அப்படில்லாம் இல்ல, ஒரே வெடிக்கு எத்தனை குண்டு போகுதுங்கறது தான் வித்தியாசம். ஷாட் நம்பர் ஏற ஏற குண்டு சின்னதாகும்: 7½ நம்பர் ஈயம் ஒரு அவுன்ஸுக்கு சுமாரா 350 குண்டு, 8ன்னா 410. 20 கேஜ்ல சாதாரண லோடு (ஒரு ஷெல்லுல இருக்கற குண்டோட எடை) முக்காலே அரைக்கால் அவுன்ஸ், அதுலயே 7½ முந்நூறு கிட்ட வந்துடும், 30 யார்டுல ஒரு புறாவுக்கு தாராளம். சோக் (குண்டு பரவறதைக் கட்டுப்படுத்தற குழல் முனை) இம்ப்ரூவ்டு சிலிண்டர் போடுங்க, அது கொஞ்சமா தான் குறுகும். புறா விழலன்னா முக்காவாசி நேரம் கேஜ் காரணமில்ல, லீட் குடுக்காம (பறக்கற புறாவுக்கு முன்னாடி குறி வைக்காம) வாலுக்குப் பின்னாடி சுடறது தான்.

ரெண்டுகுழல்:
நான் 12 கட்சி. உதை கேஜ்ல இல்ல சார், லோடுலயும் துப்பாக்கி எடையிலயும் இருக்கு. ஏழரை பவுண்டு கேஸ் செமி ஆட்டோ (வெடி வாயுவால தானா அடுத்த ஷெல் ஏத்திக்கற) 12ல ஒரு அவுன்ஸ் டார்கெட் லோடு போட்டு சுடச் சொல்லுங்க, அப்புறம் ஆறு பவுண்டுக்கும் கம்மியான 20ல மேக்னம் (கனமான லோடு) போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அவங்களே சொல்லிடுவாங்க. ஃபெசன்ட்டுக்கு 7½ வேண்டவே வேண்டாம், அடிபட்டு புல்லுக்குள்ள ஓடிடும், அப்புறம் நாய் இல்லாம கெடைக்காது. 5 இல்ல 6 போடுங்க. 5 நம்பர்ல ஒரு அவுன்ஸுக்கு 170 குண்டு தான், அதான் ஒண்ணேகால் அவுன்ஸ் தள்ளற 12 அங்க கை குடுக்கும். சேவல் மட்டும் தான் சுடலாம், ஒரு நாளைக்கு மூணு.

ஏரிக்கரை:
ரெண்டு கேஜும் வாங்கறதா இருந்தா ஷெல்லை ஒரே பையில போடாதீங்க!! 20 கேஜ் ஷெல் மஞ்சளா இருக்கறதே இதுக்குத்தான். தெரியாம 12க்குள்ள போட்டா உள்ள நழுவி குழல்ல மாட்டிக்கும், காலியா இருக்குன்னு பின்னாடியே 12 ஷெல் போட்டு சுட்டா குழல் வெடிச்சு கையே போயிடும்.

டவ்வுக்கு துப்பாக்கியில மூணு ஷெல்லுக்கு மேல போகக்கூடாது, ப்ளக் (கூடுதல் ஷெல் போகாம தடுக்கற அடைப்பு) இருக்கான்னு பாத்துக்குங்க. நாளைக்கு வாத்து பக்கம் போனா ஈயம் கூடாது, 1991லேர்ந்தே நாடு முழுக்க தடை. ஸ்டீல் ஈயத்தை விட லேசு, அதனால ரெண்டு சைஸ் பெருசா எடுக்கணும், சோக்கையும் கொஞ்சம் தளத்திடணும்.

ஆமா, எச்-1பி (வேலை விசா), எச்-4 (அவங்க குடும்பத்துக்கான விசா)ல இருக்கீங்களா? அப்படின்னா ஆளுக்கொரு ஹண்டிங் லைசென்ஸ் கையில இருக்கணும், அது இல்லாம துப்பாக்கி வச்சிருந்தாலே ஃபெடரல் கேஸ்.

டல்லாஸ்_புதுசு:
எச்-1பி தான், மனைவி லைசென்ஸ் இன்னும் எடுக்கல, இன்னிக்கே எடுத்துடறேன். 20ல 3 இன்ச் ஷெல் போட்டா ஒண்ணேகால் அவுன்ஸ் வருமாமே, ஃபெசன்ட்டுக்கு அது போதாதா?

காட்டுக்கோழி:
வரும், ஆனா லேசான துப்பாக்கியில அது பேய் உதை உதைக்கும். ஒரு அவுன்ஸ் 6 நம்பர் போட்டு 35 யார்டுக்குள்ள சுடுங்க, சேவல் விழும். போறதுக்கு முன்னாடி பெரிய பேப்பர் ஒட்டி ரெண்டு மூணு பிராண்ட் ஷெல் சுட்டுப் பாருங்க, ஒரே சோக்குக்கும் பேட்டர்ன் (குண்டு பரவி விழற விதம்) ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி விழும்.