புதுப்பிப்பு: கேமராவின் பவர் பொத்தான் சரியாகிவிட்டது

பவர் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் என் டிஜிட்டல் கேமரா அசையவில்லை என்று எழுதியிருந்தேன். பேட்டரி போயிருக்கும் என்றார்கள் சிலர். ஆனால் படம் பார்க்கும் பொத்தானை அழுத்தினால் திரை ஒளிர்ந்தது; ஆகவே கோளாறு பவர் பொத்தானில்தான்.

மேல்மூடியைக் கழற்றினேன். பொத்தானுக்கு அடியிலிருந்த குட்டி சுவிட்சின் விளிம்பில் பச்சைக் களிம்பு, அதாவது உலோகம் அரித்த படிவு! 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு விட்டு, பலமுறை அழுத்திக் கொடுத்து, நன்றாக உலரவிட்டேன். இப்போது ஒரே அழுத்தலில் லென்ஸ் வெளியே வருகிறது. எவ்வளவு மகிழ்ச்சி!

நீங்களும் திறப்பதாக இருந்தால், தயவுசெய்து கவனம். பேட்டரியை எடுத்த பிறகும் ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். தகுந்த மின்தடையம் (ரெசிஸ்டர்) வழியாக அதை வடியவிட்டு, மல்டிமீட்டரில் அளந்து பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.